தொடங்க மறுத்த மேசைக் கணினியில் பழுதைக் கண்டறிந்த விதம்

பவர் பொத்தானை அழுத்தியதும் கேபினெட்டுக்குள் இருக்கும் விசிறிகள் ஒரு நொடி சுழன்று உடனே நின்றுவிடும். திரையில் எதுவும் தெரியாது, பீப் ஒலியும் எழாது. தங்கையின் படிப்புக்காக வீட்டில் வைத்திருக்கும் மேசைக் கணினி இந்த நிலைக்கு வந்தபோது, பழுதுபார்க்கும் கடையில் விவரத்தைக் கேட்டவுடனேயே மதர்போர்டு போய்விட்டது என்று கூறிவிட்டார்கள். பழைய பிராசசருக்கு ஏற்ற புதிய மதர்போர்டு கிடைக்காவிட்டால் பிராசசர், ரேம் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும் என்பதால், திறந்து பார்க்காமல் சொல்லப்பட்ட அந்த முடிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கி, எஞ்சிய மின்னேற்றம் வடியும்படி பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்த பிறகு, ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், கிராபிக்ஸ் கார்டு என இன்றியமையாதவை அல்லாத அனைத்தையும் கழற்றினேன். நிலைமை மாறவில்லை. ரேமையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். ரேம் இல்லாவிட்டாலும் விசிறிகள் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். அவை அப்போதும் நின்றதால், பழுது ரேமில் இல்லை என்று கொண்டேன். பொத்தான் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் பொதுவாக 4 விநாடிகள் கழித்தே கணினி அணையும் என்பதால் அதன்மேலும் ஐயம் எழவில்லை. மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரியும் 3 வோல்ட் காட்டியது.

பிராசசருக்கு அருகில் தனியாகச் செருகப்படும் 12 வோல்ட் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தியபோதுதான் வழி தெரிந்தது: விசிறிகள் நிற்காமல் ஓடின. பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் ஷார்ட் இருக்க வேண்டும், அல்லது கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் அந்தச் சுமையைத் தாங்கவில்லை என்று இதற்குப் பொருள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் அந்த இணைப்பின் 12 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின் அளவு காட்டும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். நேரடி ஷார்ட் ஏதும் இல்லை. கடைக்காரர்கள் குறை கூறிய மதர்போர்டின்மீது எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே சோதிக்க, 24 முனை இணைப்பில் உள்ள பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியுடன் இணைப்பது வழக்கம். அவ்வாறு செய்தபோது விசிறி ஓடியது, 12 வோல்ட்டும் சரியாகவே இருந்தது. பலர் இத்துடன் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சுமை ஏதும் இல்லாதபோது பழுதான எஸ்எம்பிஎஸ்கூடச் சரியான அளவைக் காட்டக்கூடும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எனவே 12 வோல்ட் தரும் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே, ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட், 35 வாட் பைக் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்தேன். பல்பு மங்கலாக எரிய, மீட்டரின் அளவு 11.4 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி, எஸ்எம்பிஎஸ் அணைந்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 5 சதவீதம் மட்டுமே. நண்பரிடம் இரவலாக வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸில் அதே பல்பு பிரகாசமாக எரிந்தது.

பழுதான எஸ்எம்பிஎஸ்ஸை நான் திறக்கவில்லை. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் அதனுள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது பெரிய கப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் அங்கேயே இருக்கக்கூடும். பயிற்சி இல்லாதவர்கள் எக்காரணம் கொண்டும் அதில் கை வைக்கக் கூடாது.

இரவல் எஸ்எம்பிஎஸ்ஸை மதர்போர்டில் இணைத்ததும், கணினி தொடங்கும்போது முதலில் தோன்றும் பயாஸ் திரை வந்தது. கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அணைத்துத் தொடங்கிப் பார்த்தேன். பிராசசருக்கான இணைப்பு 4 முனையா 8 முனையா என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் புதிதாக வாங்கிப் பொருத்தினேன். மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் பழையவையே.