புதுக்கடையில் ஒரு திருட்டு வழக்கு முடிந்த விதம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள எனது தையற்கடையிலிருந்து, துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லொக் இயந்திரம் ஒன்றை எடுத்துச் சென்று விற்றவர், அதே கடையில் 8 மாதங்கள் வேலை செய்த, ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த 22 வயது இளைஞர். முறைப்பாடு கொடுத்த அன்று எனக்கிருந்த கோபம் சிறிதல்ல. அந்த வழக்குக்காகக் கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு 7 தவணைகள் போய்வந்தபின், திருட்டு வழக்கொன்று உண்மையில் எந்த இடத்தில் தீர்கிறது என்பதை எழுதியே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையே இலங்கையில் இன்றும் திருட்டுக்கான சட்டம். அதன் 367ஆம் பிரிவு சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டுகள் வரையான சிறையையோ தண்டப்பணத்தையோ இரண்டையுமோ விதிக்கிறது. வேலையாள் தன் முதலாளியின் பொருளைத் திருடினால் 370ஆம் பிரிவு வருகிறது. அதற்குத் தண்டனை அதிகம். ஆயினும் இத்தகைய வழக்கை விசாரிக்கும் நீதவான் பொதுவாக 2 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்க முடியாது. வழக்கை நடத்துவது பொலிஸ். முறைப்பாட்டாளராகிய நான் அங்கே ஒரு சாட்சி மட்டுமே என்பதை முதல் தவணையிலேயே புரிந்துகொண்டேன்.

இயந்திரம் பழைய தையல் இயந்திரங்கள் விற்கும் கடையொன்றில் அகப்பட்டது. அதன் தொடர் இலக்கம் என் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருந்ததால்தான் அது என்னுடையது என்று காட்ட முடிந்தது. கடை வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும். 'பொலிஸில் ஒப்புக்கொண்டுவிட்டான், இனியென்ன' என்று அயலவர்கள் சொன்னார்கள். 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிராளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அவர் சொன்னதைக் கொண்டு பொருளொன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். திருட்டு நடந்து அதிக காலம் ஆகுமுன் திருட்டுப் பொருளை வைத்திருப்பவர், அது தம்மிடம் வந்த விதத்தை விளக்காவிட்டால், அவரே திருடியவர் அல்லது திருட்டு என அறிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. இயந்திரத்தை வாங்கி வைத்திருந்த கடைக்காரர் தலைகுனிந்து நின்றதற்குக் காரணம் அதுதான்.

முறி எனப்படும் எழுத்துமூல உறுதியொன்றில் நான் கையெழுத்திட்டபின் இயந்திரம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. விற்கக்கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனை.

ஆனால் வழக்கின் திருப்பம் சாட்சியத்தில் இல்லை, பிணையில் இருந்தது. கைதுசெய்யப்பட்டவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். விசாரணை பற்றிய 'பி அறிக்கை'யைப் பொலிஸ் நீதிமன்றத்துக்குச் சமர்ப்பிக்கும். பிணை கிடைக்கும் அல்லது விளக்கமறியல். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. இந்த இளைஞருக்கும் இரண்டு சரீரப் பிணையாளர்களுடன், அதாவது அவருக்காகப் பொறுப்பேற்கும் இருவருடன், பிணை உத்தரவாகியிருந்தது. கொழும்பில் ஒரு வாடகை அறையும் வேலைத்தலமும் தவிர வேறெதுவும் இல்லாத ஒருவருக்கு, வதிவிடத்தையும் வருமானத்தையும் காட்டக்கூடிய இருவர் எங்கிருந்து வருவார்கள்? அவருடைய தாயார் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழோடு இரவு ரயிலில் வந்து சேர்ந்தார். இரண்டாமவர் கிடைக்கவில்லை. பிணை கொடுக்கப்பட்டும் வெளியே வரமுடியாமல், தவணைக்குத் தவணை 14 நாட்களாக அவர் மூன்று மாதங்களுக்கு மேல் உள்ளேயே இருந்தார்.

ஏழாவது தவணையில், சட்ட உதவி ஆணைக்குழுவின் ஊடாகக் கிடைத்த சட்டத்தரணி அருகில் நிற்க, குற்றப்பத்திரத்தை உரைபெயர்ப்பாளர் தமிழில் வாசித்தார். மேல் மாகாணத்து நீதவான் நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் பொதுவாகச் சிங்களத்திலேயே நடக்கின்றன. அந்த மொழி தெரியாத எதிராளிக்கு அரசின் செலவில் உரைபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. அவர் 'நான் குற்றவாளி' என்றார். அவர் எடுத்தது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னை இன்றுவரை உறுத்துவது வேறு: எடுக்காத ஒருவர் அதே கூண்டில் நின்றிருந்தாலும், வழக்கு விசாரணைக்காகக் காத்திருந்தால் இன்னும் பல தவணைகள் உள்ளே, ஒப்புக்கொண்டால் இன்றே வீடு என்ற கணக்கு அவருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் வழக்கு ஒரே நாளில் தீரும் என்பதில் தவறில்லை, ஆனால் பிணையாளர் இல்லாமையே ஒருவரை அந்த வார்த்தைக்குத் தள்ளினால் அதை ஒப்புதல் என்று அழைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. உத்தரவாகிய பிணை குறிப்பிட்ட நாட்களுக்குள் நிறைவேறாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யாரும் விண்ணப்பிக்காமலே பரிசீலிக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதற்குற்றம், பொருள் மீட்கப்பட்டது, வயது, உள்ளே கழிந்த காலம் ஆகியவற்றைச் சட்டத்தரணி எடுத்துரைத்தார். 6 மாதச் சிறைத்தண்டனை 5 ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. தண்டப்பணமும் எனக்கு ஒரு சிறு நட்டஈடும் விதிக்கப்பட்டன. ஒத்திவைப்பு என்றால் விடுதலை என்று தாயார் நினைத்துக் கைகூப்பினார். இந்த 5 ஆண்டுக்குள் சிறைத்தண்டனைக்குரிய வேறொரு குற்றத்தைச் செய்து குற்றவாளியாகக் காணப்பட்டால், இந்த 6 மாதமும் அதனோடு சேர்ந்து அனுபவிக்க நேரிடலாம் என்று உரைபெயர்ப்பாளர் நிறுத்தி நிறுத்தி விளக்கினார்.

வெளியே மரத்தடியில் அந்த இளைஞர் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அக்கா, அந்த அஞ்சு வருசம் உள்ள போன நாளிலயிருந்து கணக்கா, இன்டையிலயிருந்தா?"

இன்றையிலிருந்துதான் என்றேன். தாயார் என் பேனையை வாங்கி, கிராம உத்தியோகத்தரின் சான்றிதழின் பின்பக்கத்தில் அன்றைய திகதியை எழுதிக்கொண்டார்.