வலென்சியாவில் எடுத்த முகங்கள்

போன மாதம் பனியன் ஆர்டர் விஷயமாக ஸ்பெயின் போனபோது வலென்சியாவில் ஃபாயாஸ் திருவிழா. மார்ச் 17, 18 இரண்டு நாளும் ஊர்ப் பெண்கள் பட்டு உடுத்தி, கையில் பூச்செண்டோடு, பின்னால் வாத்தியம் முழங்க நடந்தே மாதாவிடம் போகிறார்கள். அந்தப் பூக்களை மரச்சட்டத்தில் அடுக்கியே மாதாவுக்கு மேலங்கி ஆக்கிவிடுகிறார்கள்.

எல்லோரும் சிலையைப் படம் எடுத்தார்கள். நான் அந்தச் சிலை இருக்கும் சதுக்கத்துக்குள் நுழையும் திருப்பத்தில் 35 எம்எம் லென்ஸோடு நின்றுகொண்டேன், ஏனென்றால் அதுவரை சிரித்துப் பேசி வந்தவர்கள் மாதாவைப் பார்த்ததும் உடைந்து அழுவது அங்கேதான். நன்றாக இருட்டிவிட்டது, கேமராவின் ஒளி உணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200 வரை ஏற்ற வேண்டியிருந்தது, ஆனாலும் ஃப்ளாஷ் போடவில்லை, அழுகிற முகத்தில் வெளிச்சம் அடிக்க மனசு வரவில்லை. ஒரு பாட்டி வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்தப் படத்தை அங்கேயே அழித்துக் காட்டினேன், தோளைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல படம் அது. சரி, அவருடைய முகம்.

திருப்பூர் வந்து அம்மாவிடம் காட்டினேன். "நம்மூர்ல பூவோடு எடுக்கறவங்க மொகமாட்டவே இருக்குது சாமி" என்றார். பூவோடு என்றால் எங்கள் பக்கம் அம்மனுக்கு எடுக்கும் தீச்சட்டி.

அடுத்த வாரம் ஈரோடு பெரிய மாரியம்மன் கோயிலில், திருவிழாவுக்கு நடும் மரக்கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை எடுக்கப் போகிறேன், அதே லென்ஸ், விடியற்காலையிலேயே. வருகிறவர்கள் சொல்லுங்கள்.