கீழே ஓடிய எழுத்து

ஒரு வரியில் 38 எழுத்துக்கு மேல் வரக்கூடாது, இரண்டு வரிக்கு மேல் திரையில் நிற்கக்கூடாது. சப்டைட்டில் வேலையைக் கொடுத்தவர்கள் முதலில் சொன்னது இதுதான். தமிழில் ‘தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு’ என்று எழுதி முடிப்பதற்குள் ஒரு வரி காலி. வினைச்சொல் அடுத்த வரியில்தான் வந்து சேரும். அதற்குள் திரையில் பேசுகிறவர் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்.

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிற எடிட்டிங் ஸ்டுடியோவில் எனக்கு வேலை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடியோக்கள்தான் எங்கள் பிழைப்பு. ஆடி மாதம் ஈ ஓட்டுவோம். அப்படி ஓர் ஆடியில்தான் அந்த ஆவணப்படம் வந்தது. 52 நிமிடம், நான்கு பகுதி. பார்வைக் குறைபாட்டோடு இருப்பவர்கள் உலகத்தில் 220 கோடிப் பேராவது உண்டு, அதில் குறைந்தது 100 கோடிப் பேருக்கு அதைத் தடுத்திருக்கலாம், இல்லையென்றால் இன்னும் சரிசெய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன கணக்கோடு படம் ஆரம்பிக்கும். அக்டோபர் இரண்டாம் வியாழன், உலகப் பார்வை தினத்தன்று, தல்லாகுளம் பக்கம் ஓர் அரங்கில் முதல் திரையிடல். அதற்குள் தமிழ் சப்டைட்டில் வேண்டும்.

முதல் வாரம் முழுக்க ஃபான்ட்டோடு சண்டை. எங்கள் பழைய சாஃப்ட்வேரில் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். அதைச் சரிசெய்த கதை யாருக்கும் வேண்டாம், விடுங்கள்.

சொற்கள்தான் பெரிய வேலையாக இருந்தது. ‘குருடு’ என்ற சொல்லே வரக்கூடாது என்று ஒருங்கிணைப்பாளர் மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நியாயம்தான். ஆனால் கண்புரையை ‘கண்ணில் பூ விழுவது’ என்று நான் எழுதியதை அவரும் கவனிக்கவில்லை. பெரியம்மா மகள் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள், ப்ளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தவள். அவளிடம் ஃபோனில் படித்துக் காட்டினேன். “டேய், பூ வேற, புரை வேற. புரைங்கிறது உள்ள இருக்க லென்ஸ் மங்கிப் போறது, அதை எடுத்துட்டு வேற வைக்கலாம். பூங்கிறது வெளிய கருவிழியில விழுற தழும்பு. கதிரடிக்கும்போது உமி தெறிச்சுப் புண்ணாகி ஆறினா விழும்ல, அது” என்றாள். அந்த ஒரு ஃபோனில் இருபத்தோரு இடத்தில் திருத்தம். எத்தியோப்பியப் பகுதியில் மட்டும் ‘பூ’ அப்படியே இருக்கட்டும் என்றாள். அங்கே ட்ரக்கோமா என்ற தொற்று. திரும்பத் திரும்ப வந்தால் இமை உள்பக்கமாகச் சுருண்டு, இமைமுடி கருவிழியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கடைசியில் விழுவது பூதான்.

மேற்கு ஆப்பிரிக்கப் பகுதி எனக்குப் பிடித்திருந்தது. வேகமாக ஓடுகிற ஆற்றில் முட்டையிடும் ஒரு கருப்பு ஈ கடித்து, புழு உடம்புக்குள் போய், பார்வையைக் கெடுக்கும். அதற்குப் பயந்தே ஆற்றோர நல்ல மண்ணை விட்டுவிட்டு ஊர் ஊராகக் காலி செய்து போயிருக்கிறார்கள். ஐவர்மெக்டின் மாத்திரையை, தேவைப்படுகிற வரைக்கும் இலவசமாகத் தருகிறோம் என்று மெர்க் கம்பெனி 1987-இல் அறிவித்தது. மாத்திரை கொடுப்பது அந்தந்த ஊர் ஆட்கள். எடை பார்க்கிற மெஷினெல்லாம் இல்லை. அளவு குறித்த ஒரு கம்பு. ஆளை அதன் பக்கத்தில் நிறுத்தி, உயரத்துக்குத் தகுந்தபடி எத்தனை மாத்திரை என்று முடிவு செய்கிறார்கள். வளர்ந்த புழுவை அந்த மருந்து கொல்லாது என்பதால் வருஷா வருஷம், பத்துப் பதினைந்து வருஷத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கம்பு வரும் காட்சியை வேலைக்குத் தேவையில்லாமலே நாலைந்து முறை ஓட்டிப் பார்த்தேன்.

நேபாளப் பகுதி மலையும் மேகமுமாக அழகாக இருந்தது. அப்புறம் மதுரைப் பகுதி. அண்ணாநகர்ப் பக்கம் நான் தினமும் பைக்கில் தாண்டிப் போகிற அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-இல், 11 படுக்கையோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களுக்கு அவரே கத்தி பிடிக்கப் பழக்கியிருக்கிறார். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து கொள்ளை விலைக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1992-இல் இங்கேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை.

எனக்குத் தெரியாமல் இருந்தது வேறு. ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் ஆரம்பத்தில் கிராமத்து ஆட்கள் பலர் வரவில்லை. பஸ் காசு வேண்டும், தங்குகிற நாளுக்குச் சாப்பாடு வேண்டும், கூட வருகிறவருக்கு அன்றைக்குக் கூலி போய்விடும், ஆட்டை யாரிடம் விட்டுவிட்டு வருவது? முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, ஆபரேஷன் முடிந்து ஊரில் கொண்டுபோய் விடுவது என்று ஆன பிறகுதான் கூட்டம் வந்தது. இதற்குப் படத்தில் நான்கு வினாடி. நான் எழுதிய வரி: ‘போக்குவரத்துத் தடைகள் நீக்கப்பட்டன’. 38 எழுத்துக்குள் அடங்கியது என்று சந்தோஷப்பட்டேன்.

திரையிடல் அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. முன்வரிசையில் டாக்டர்கள், ரோட்டரிக்காரர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள். புரை எடுத்துக்கொண்ட பெரியவர்கள் இருபது பேரை உசிலம்பட்டிப் பக்கமிருந்து வேனில் அழைத்து வந்திருந்தார்கள். மதுரைப் பகுதியில் முகம் காட்டியவர்களும் அதில் உண்டு. ஆளுக்கொரு தயிர்சாதப் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து, கடைசி இரண்டு வரிசையில் உட்கார வைத்தார்கள். ஏதாவது கோளாறு என்றால் ஓடுவதற்கு வசதியாக நானும் பின்னால் நின்றேன்.

படம் ஆரம்பித்தது. கொம்புகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நான் மூச்சு விட்டேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஓரத்தில் இருந்த ஒரு பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “ஏப்பா, என்னமோ பேசுறாகளே, என்ன சொல்றாக?”

“கீழ எழுத்து ஓடுது பாருங்க ஆத்தா.”

“எழுத்து நல்லாத் தெரியுதுய்யா. படிக்கத்தான தெரியாது.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் திரையைப் பார்த்தார். எனக்குத்தான் என்னவோ போல ஆகிவிட்டது. இரண்டு மாதமாக அந்த எழுத்தோடு மாரடித்தவன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வேன் வைக்கத் தெரிந்தவர்களுக்கும் தோன்றவில்லை என்று அவர்கள் மேல் போடலாம். ஆனால் சப்டைட்டில் போட்டவன் நான்.

இரண்டு வரிசைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். என் வரியையே படித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ‘தவிர்க்கக்கூடிய’ என்று வாயெடுத்ததும் நின்றுவிட்டது. அப்புறம், “காலத்துல பாத்திருந்தா போயிருக்காத கண்ணு ஆத்தா” என்றேன். “ஆமா” என்று இரண்டு மூன்று குரல் வந்தது. ஸ்டுடியோவில் பத்து நாள் தேடியும் கிடைக்காதது அந்தத் தரையில் கிடைத்தது. எழுத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

எத்தியோப்பியாவில் ஒரு பெண் இடுக்கியால் தன் இமைமுடியைப் பிடுங்குகிற காட்சி. உள்ளே குத்துகிறது, அதனால் பிடுங்குகிறாள் என்றேன். “அடி ஆத்தி” என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து, முகமெல்லாம் ஈ மொய்க்கக் குழந்தைகள். சட்டையை இழுத்த பாட்டி குனிந்து, “பச்சப்பிள்ளைக மூஞ்சியக் கழுவிவிடத் தண்ணி இல்லையா அந்த ஊர்ல?” என்று கேட்டார். படம் அதைச் சொல்ல இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. ட்ரக்கோமாவுக்கு ஆபரேஷனும் மாத்திரையும் மட்டும் போதாது, முகம் கழுவுவதும் தண்ணீரும் கழிப்பிடமும் சேர்ந்ததுதான் வைத்தியம் என்று ஒரு நிபுணர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து விளக்குவார். அவர் வந்தபோது, “நீங்க கேட்டதத்தான் சொல்றாரு” என்றேன். “பெறகு?” என்றார் பாட்டி.

சத்தம் கூடிவிட்டது போல. முன்னாலிருந்து யாரோ திரும்பி ‘ஷ்’ என்றார்கள். குரலைக் குறைத்தேன், நிறுத்தவில்லை.

மதுரைப் பகுதியில் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகாம் நடந்த பள்ளிக்கூடம், பஸ், கட்டுப் பிரிக்கிற காலை. திரையில் தன்னைப் பார்த்த ஒரு பாட்டி, “என்னடி இது, இம்புட்டுக் கிழவியாவா இருக்கேன்?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். பின் இரண்டு வரிசையும் சிரித்தது. முன்வரிசையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்த நான்கு வினாடி வரி ஓடியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். “இந்த பஸ்ஸுலதான நாமளும் போனோம்?” என்றது ஒரு குரல்.

படம் முடிந்து பொன்னாடை, நினைவுப் பரிசு, கலந்துரையாடல். ‘தீர்வு’ என்ற சொல் அன்று மேடையில் நிறைய வந்தது. வேன் டிரைவர் எட்டு மணிக்குக் கிளம்பியே ஆகவேண்டும் என்றதால், பெரியவர்கள் கலந்துரையாடலுக்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். மேடத்திடம் தமிழ்க் குரல் போட்டு ஒரு பிரதி செய்யலாமா என்று கேட்டேன். நல்ல யோசனை என்றார், மனதார. பட்ஜெட் முடிந்துவிட்டது என்றும் சொன்னார், அதுவும் உண்மைதான்.

சரி என்று, பூவையும் புரையையும் பிரித்துச் சொன்ன பெரியம்மா மகள் அக்காவை ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன். முதலாளி அண்ணன் சாவியைக் கொடுத்தார், ஏசி போடக்கூடாது என்ற கண்டிஷனோடு. ஏசி சத்தம் மைக்கில் ஏறும் என்பதால் எப்படியும் போட்டிருக்க மாட்டோம். மேற்கு ஆப்பிரிக்காவும் எத்தியோப்பியாவும் அன்றைக்கே முடிந்தன. மதுரைப் பகுதியில் என் வரியைப் படித்ததும் அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, “போக்குவரத்துத் தடைன்னா என்னடா, சாலை மறியலா?” என்றாள். அந்த இடத்துக்கு இப்போது அவள் சொந்தமாகப் பேசியதுதான் இருக்கிறது. நான்கு வினாடிக்குள் வராது என்பதால் பஸ் ஷாட்டைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள மேடத்திடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

நேபாளம் இன்னும் பாக்கி. அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. இந்த வாரம் மட்டும் மூன்று முகூர்த்தம்.