பிளேனை விட்டுவிட்டு ஃபெரி ஏறிய கதை: கிள்ளான் டு சுமத்ரா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு மிச்சம் பிடிக்கலாம் என்ற நினைப்பில் இந்த ஃபெரி ஏறாதீர்கள். டிக்கெட், படகுத்துறை வரி, அதுபோக கவுண்டரில் இருந்தவர் எதற்கென்றே சொல்லாமல் வாங்கிக்கொண்ட இன்னும் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்), எல்லாம் கூட்டினால் கோலாலம்பூரிலிருந்து சுமத்ராவின் மேடானுக்கு ஒரு மணி நேரத்தில் பறக்கிற மலிவு விமானத்தையே எட்டிவிட்டது. ரசீது கேட்டேன். "நந்தி, நந்தி" என்றார். மலாயில் 'அப்புறம்' என்று அர்த்தம். நமக்கு நந்தி என்றால் யார்? வழியை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பிறகு ஏன் போனேன்? பாட்டியால். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர். அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான், 1972-ல் பெயர் மாறியது. நடுக்கடலில் வாந்தி எடுத்தே செத்திருப்பேன் என்பார். "மலாக்கா நீரிணைக்குள்ள நுழைஞ்சதும் பாரு, கடலு குளம் மாதிரி ஆயிடுச்சுடா." அந்தக் குளத்தை ஒருமுறையாவது குறுக்கே கடந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

கே.எல். சென்ட்ரலில் கம்முட்டர் ரயில் பிடித்துக் கடைசி ஸ்டேஷனான போர்ட் கிள்ளானில் இறங்கினோம், நானும் மச்சானும். இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய டீ). பசியாறி முடித்துப் படகுத்துறைக்குப் போனால் அங்கே சுற்றுப்பயணிகள் என்று நாங்கள் இரண்டே பேர். மற்ற எல்லாரும் இங்கே வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் இந்தோனேசியர்கள். கயிறு கட்டிய பெட்டிகள், மைலோ பாக்கெட்டுகள், புலிப் படம் போட்ட கம்பளிகள். பக்கத்து சீட் அக்காவுக்குக் கால் வைக்க இடமில்லை. அவருடைய ரைஸ் குக்கரை நான் மடியில் வாங்கிக்கொண்டேன். மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே குழந்தைச் சட்டைகள், ஒவ்வொன்றும் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, சோறு வைக்கும் அளவுக்குக் கச்சிதமாக.

நாலு மணி நேரத்துக்கும் மேல். ஏசியைக் குறைக்கவே மாட்டேன் என்கிறார்கள். ஜன்னல் திறக்காது, கண்ணாடி முழுக்க உப்பு. டிவியில் டங்டுட் பாட்டு, காது கிழியும் சத்தத்தில். அந்த ரைஸ் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் குளிரைத் தாங்கினேன் என்றால் நம்புவீர்களா?

பாதி வழியில் பின்கதவைத் திறந்துவிட்டார்கள். அங்கே நின்ற இருபது நிமிடத்துக்குக் கொடுத்த காசு முழுதும் தகும்! கப்பல், கப்பல், அதற்குப் பின்னால் இன்னொரு கப்பல். ஆண்டுக்கு 80,000-க்கும் மேல் இந்த வழியாகப் போகின்றன என்று படித்திருந்தேன், கண்ணால் பார்த்தால்தான் உறைக்கிறது. ரோடு மாதிரியே தடம் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் வலப்பக்கம் ஒட்டிப் போகவேண்டும். அதனால் நம் கரைப் பக்கத் தடத்தில் எல்லாம் இந்தியப் பெருங்கடலைப் பார்த்துப் போகிறவை. சுமத்ரா பக்கத் தடத்தில் சிங்கப்பூரைப் பார்த்து வருகிறவை. எங்கள் படகு இரண்டையும் நேர்குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது, ஹைவேயைத் தாண்டும் கோழி மாதிரி. ஒரு கொள்கலன் கப்பல் கிளப்பிய அலையில் மட்டும் லேசாக ஆடினோம். மற்றபடி பாட்டி சொன்னது அப்படியே. குளம்.

சுமத்ரா பக்கம், தஞ்சோங் பாலாய் ஊரின் துறைமுகமான தெலுக் நிபுங்கில் இறங்கியபோது போனில் மணி ஒன்று பின்னால் போயிருந்தது. வெளியே வந்ததும் பெச்சா, அதாவது மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய தொட்டில். ரயில் ஸ்டேஷனுக்கு ஒரு லட்சம் ரூப்பியா என்றார் ஓட்டுநர். லட்சம் என்றதும் நெஞ்சு அடைத்துவிட்டது. பேரம் பேசி ஐம்பதாயிரத்துக்குக் கொண்டுவந்து வெற்றி வீரனாக ஏறினேன். இருபதாயிரமே தாராளம் என்று பிறகு சாப்பாட்டுக் கடைக்காரம்மா சொல்லிச் சிரித்தார். "பதினஞ்சு வெள்ளிதானே, விடுடா" என்றான் மச்சான். அவன் காசா போச்சு?

ஆனால் அந்தக் கடை! தஞ்சோங் பாலாய்க்குக் கெராங் (சிப்பி) நகரம் என்றே பெயர். அவித்த கெராங் ஒரு தட்டு நிறைய, ஆவி பறக்க. ஓட்டை நகத்தால் நெம்பினால் உள்ளே சிவந்த சாறோடு சதை. தொட்டுக்கொள்ள அன்னாசி, வேர்க்கடலை, மிளகாய் சேர்த்து அரைத்த சம்பல். இனிப்பு முதலில், புளிப்பு பிறகு, காரம் கடைசியில் வந்து காதைத் திருகுகிறது. மூன்று தட்டு. பெச்சாவுக்கு அழுத துக்கம் அங்கேயே போயிற்று.

மேடானுக்குப் புத்ரி டெலி ரயில், நாலரை மணி நேரம், வழியெல்லாம் செம்பனை. தூங்கிவிட்டோம்.

மறுநாள் காலை மேடானில் கம்போங் மெட்ராஸ். டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களுக்கு வந்த நம்மவர்கள் 1880-களில் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. வாசலில் பூ விற்ற தாத்தாவின் தமிழில் பாதி இந்தோனேசியம். கோலாலம்பூர் என்றதும் முகம் மலர்ந்தது.

"எப்படி வந்தீங்க தம்பி?"

"படகுல தாத்தா."

"படகா? ஏன், அங்க பிளேன் ஓடலையா?"

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தேங்காய் வாங்கப் போய்விட்டேன்.