அக்கரைக்குப் போன பேஸ்

கடந்த ஆனி மாதம் ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு, 10.40 மணிக்கு, என் டிஜே செட்டின் மிக்சரையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் போலீஸார் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரசலாற்றங்கரையில் ஒரு சிற்றூர். வரவேற்பு மாலை ஏழு மணிக்கு என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். பெண் வீட்டார் வந்த பஸ் தாமதம். மாப்பிள்ளை அழைப்பு தெருவெல்லாம் சுற்றி வந்து சேர ஒன்பதேகால் ஆயிற்று. பையன்கள் ஆட இறங்கும்போது மணி ஒன்பதரை. பத்து மணிக்கு நான் ஒலியைக் குறைத்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் என்னிடம் வந்து, "பேசிய பணத்துக்குப் பாதி நேரம்கூட ஓடவில்லையே தம்பி, ஸ்டேஷனில் சொல்லியாகிவிட்டது, நீங்கள் போடுங்கள்" என்றார். போட்டேன்.

ஸ்டேஷனில் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. எழுத்தில் ஒரு வரி அனுமதிகூட இல்லை. ஜீப் வந்தபோது தாய்மாமனைக் காணவில்லை. மேடையில் இருந்த செட் என்னுடையது. பெட்டியில் எழுதியிருந்த கைபேசி எண்ணும் என்னுடையது. ஆகவே கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

எங்கள் தொழிலில் இப்படித்தான் நடக்கிறது. தாமதம் செய்வது ஒருவர், ஆடுவது இன்னொருவர், பொருளை இழப்பது செட் வைத்திருப்பவர். டெல்டாவில் என்னைப்போல் குட்டி யானை வண்டியில் டிஜே செட்டை ஏற்றிக்கொண்டு மன்னார்குடிக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஊர் ஊராகப் போகிறவர்கள் பலர். பொருளை மீட்டதையும், பிறகு முறையாக அனுமதி வாங்கியதையும் அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் மகஜர். கைப்பற்றிய பொருட்களைக் குறித்த அந்தத் தாளில் 'கறுப்பு நிற ஆம்ப்ளிஃபயர் 2' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எழுத்தரிடம் பணிவாகக் கேட்டு, நிறுவனப் பெயர், மாடல், பின்புறத்தில் உள்ள வரிசை எண் மூன்றையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார். கறுப்பு ஆம்ப்ளிஃபயர் இந்த மாவட்டத்தில் ஆயிரம் இருக்கும். நம்முடையது எது என்று பின்னால் காட்ட அந்த எண் ஒன்றுதான் வழி. பொருள் நீதிமன்றப் பொறுப்புக்குப் போய்விட்டால், குற்றவியல் நடுவரிடம் இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரி மனு போட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. கைப்பற்றிய பொருளைத் தேவைக்கு மேல் காவல் நிலையத்தில் போட்டு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லியிருப்பதை என் வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார்.

மிக்சருக்கு பில் இருந்தது. ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்று திருச்சியில் பழைய விலைக்கு வாங்கியது, பில் கிடையாது. விற்றவரைத் தேடிப்போய் எழுதி வாங்கவே நான்கு நாள் ஆயிற்று. புகைப்படம், பிணைப் பத்திரம், ஒரு ஜாமீன்தார். எல்லாம் முடிந்து பொருள் கைக்கு வரப் பத்தொன்பது நாள். அதற்குள் இரண்டு காதுகுத்து விழாக்களை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்தேன். இன்று என் செட்டில் உள்ள ஒவ்வொரு பெட்டியின் பில்லும் வரிசை எண்ணும் ஒரு கோப்பில் இருக்கின்றன. அதன் நகல் வண்டியிலும் இருக்கிறது.

அந்தப் பத்தொன்பது நாளில் என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. புகார் சொன்னது அந்த ஊர்க்காரர்கள் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில், வயல்களைத் தாண்டி, முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தெரு. மேடைக்குப் பக்கத்து வீட்டில் தொட்டிலில் குழந்தை தூங்கியதைப் பார்த்தவன் நான். அங்கே தூங்க முடிகிறது, அக்கரையில் முடியவில்லையா என்று கோபமாக வந்தது. கோபத்தோடுதான் பாலத்தைக் கடந்து அந்தத் தெருவுக்குப் போனேன்.

ஓர் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் அவர் திட்டவில்லை. "பாட்டு ஒன்றும் கேட்கவில்லை தம்பி. தொம் தொம் என்று அந்த அடி மட்டும்தான். தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அதிர்ந்தது. எங்கள் தெருவில் பதினோரு பேர் நாற்றுப் பறிக்க விடிகாலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும்" என்றார். குறுவை நடவு நேரம். வெயில் ஏறுவதற்குள் நாற்றைப் பறித்து முடி கட்டியாக வேண்டும். பத்தரை மணிக்குத் தூக்கம் கெட்டால் அடுத்த நாள் முழுவதும் குனிந்த இடுப்போடு அதை அவர்கள்தான் சுமக்க வேண்டும். என் அம்மாவும் நாற்றுப் பறித்தவர். அந்தத் திண்ணையில் என்னால் ஒரு வார்த்தையும் வாதாட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன். பதினான்கு ஆண்டுகள் ஒலியை வைத்துப் பிழைத்தவனுக்கு ஒலி எப்படிப் போகிறது என்பது அப்போதுதான் விளங்கியது. பகலில் தரை சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும், மேலே இருக்கும் காற்று தரையோரக் காற்றைவிட வெப்பமாக நிற்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து தொலைவில் போய் இறங்குகிறது. நம் பகுதியில் குன்று கிடையாது, மேடு கிடையாது. நீர் நிற்கும் வயலும் ஆறும்தான். என் மேடை அன்று ஆற்றைப் பார்த்து நின்றது. பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கியதற்கு, அந்த வீடு பெட்டிகளின் பின்பக்கம் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கணக்குப் போட்டும் பார்த்தேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 10 மீட்டரில் 95 டெசிபல் என்றால், 640 மீட்டரில் 59. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55, இரவில் 45. பகல் என்றால் காலை ஆறு முதல் இரவு பத்து வரை. அதாவது, அதே பாட்டு 9.59-க்கு அளவை நான்கு டெசிபல் தாண்டுகிறது; 10.01-க்குப் பதினான்கு டெசிபல் தாண்டுகிறது. அளவைவிடப் பத்து டெசிபல் கூடினாலே புகார் கொடுக்கலாம் என்கிறது விதி.

பேஸ், அதாவது தொம் தொம் என்று அடிக்கும் தாழ்ந்த ஒலி, இன்னும் மோசம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். ஓட்டு வீட்டுச் சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை. சட்டம் அளக்கச் சொல்லும் 'ஏ' வகை டெசிபல், மனிதக் காதின் இயல்பை ஒட்டி, 50 ஹெர்ட்ஸில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடுகிறது. ஆகவே ஒலியை அளக்கும் மீட்டர் அளவுக்குள் காட்டும்போதும் அக்கரையில் பாத்திரம் அதிரும். மீட்டரைக் காட்டி வாதாட நினைக்கும் நண்பர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

எங்கள் ஊர்களில் நிலவும் மூன்று நம்பிக்கைகளையும் சொல்லியாக வேண்டும், ஒவ்வொன்றுக்காகவும் நான் பணம் இழந்திருக்கிறேன். 'மண்டபத்துக்குள் எத்தனை மணி வரையிலும் போடலாம்' என்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை; அந்த விதியில் விலக்கு இருப்பது மூடிய அரங்குக்கு. அதுவும் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக. நம் பக்கத்து மண்டபங்களில் பாதிக்கு மேல் தகரக் கூரை, பக்கவாட்டில் ஜாலிச் சுவர். அதை மூடிய அரங்கு என்று எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். 'கோயில் விழா என்றால் பன்னிரண்டு வரை போகலாம்' என்பது அடுத்தது. பத்திலிருந்து நள்ளிரவு வரையிலான தளர்வை மாநில அரசுதான் தரலாம். பண்பாட்டு, சமய விழாக்களுக்கு, ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் போகாமல். எந்தெந்த நாள் என்று அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நம் ஊர் மாரியம்மனுக்கு நாமே எடுத்துக்கொள்ள முடியாது. இந்தத் தளர்வு செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அவ்வளவுதான். மூன்றாவது, 'தவிலையும் நாகஸ்வரத்தையும் விட்டுவிட்டு டிஜேவை மட்டும் பிடிக்கிறார்கள்' என்பது. 2010 திருத்தத்துக்குப் பிறகு இசைக் கருவிகளும் இரவுத் தடைக்குள் வருகின்றன. சாமி புறப்பாட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதைக் காட்டி நம் செட்டை மீட்க முடியாது.

பொருள் கைக்கு வந்த பிறகு முதல் வேலை ஆடி கடைசி வெள்ளி, ஒரு மாரியம்மன் கோயில் விழா. அதே ஆறு, ஆனால் வேறு ஊர். விழாக் குழுவிடம், "அனுமதியை நானே கூட வந்து வாங்கித் தருகிறேன், உத்தரவின் நகல் என் கையில் வராமல் முன்பணம் வாங்க மாட்டேன்" என்றேன். இருபத்திரண்டு நாள் முன்னதாக மனு கொடுத்தோம். விழாவின் பெயர், இடம், நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பாக்ஸ் ஸ்பீக்கர் எத்தனை, வண்டி எண், செட்காரர் பெயர் எல்லாம் மனுவில் இருக்க வேண்டும். அழைப்பிதழ், இடத்துக்குரியவரின் சம்மதக் கடிதம், இருவரின் ஆதார் நகல் இணைப்பு. கூம்பு ஒலிபெருக்கி வைக்கவில்லை என்று தனி வரி. என் அப்பா தென்னையில் ஏறிக் கட்டிய கூம்புக் குழாய்களுக்கு இன்று தமிழ்நாட்டில் தடை. அவர் வைத்திருந்த ஒன்று இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது.

காவல் நிலையத்தில் மனுவை விசாரித்து, ஆய்வாளர் பரிந்துரை எழுதி, துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு முறை திருப்பி விட்டார்கள். மேடை இருந்த திடலிலிருந்து பள்ளிக்கூடம் 100 மீட்டருக்குள் வந்தது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டால் அங்கே பகல் அளவு 50, இரவில் 40. விழா நடப்பது மாலையில், பள்ளி விட்ட பிறகு என்று குழுவினர் வாதாட நினைத்தார்கள். நான் வேண்டாம் என்றேன். திடலின் மறு ஓரத்தில், அறுவடை முடிந்து தரிசாகக் கிடந்த ஒரு வயலுக்கு மேடையை மாற்றி, கையால் வரைபடம் போட்டு மனுவோடு வைத்தோம். பதினேழாம் நாள் உத்தரவு வந்தது. மாலை 5 முதல் இரவு 10 வரை.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்குரிய அளவைவிடப் பத்து டெசிபலோ, மொத்தம் 75-ஓ, எது குறைவோ அதற்குள் இருக்க வேண்டும் என்பது விதி. குடியிருப்புப் பகுதி என்றால் பகலில் 65. நான்கு பேர் உரக்கப் பேசினாலே அந்த அளவு வந்துவிடும். தெருவுக்குள் டிஜே வைத்து இதைக் காப்பாற்ற முடியாது. பத்து மணி விதி நியாயமானது என்று முழு மனதோடு சொல்வேன். இந்த எல்லை அளவு விழா நடக்கும் ஐந்து மணி நேரத்துக்குப் பொருந்தாதது என்பதும் என் கருத்து. விதி மாறும்வரை நம்மால் செய்ய முடிவது, குடியிருப்பை விட்டு விலகி மேடை போடுவதும், பெட்டிகளைத் திருப்பி வைப்பதும்தான்.

திருப்பி வைத்தேன். ஆற்றுக்கு முதுகு காட்டி மேடை. மூன்று பேஸ் பெட்டிகளில் இரண்டு கூட்டத்தைப் பார்த்து, ஒன்று பின்னோக்கி; பின்னோக்கிய பெட்டிக்கு அலையை நேர்மாறாக்கி, சிறிது தாமதமும் கொடுத்தால், பின்பக்கம் போகும் பேஸ் பெரிதும் அடிபடுகிறது. இதைச் சரியாக அமைக்க எனக்கு இரண்டு மாலை பிடித்தன. முதல் நாள் தாமதக் கணக்கில் தவறு செய்து, முன்னால் இருந்த பேஸையே கொன்றுவிட்டேன்.

நேரத்தையும் மாற்றினேன். முன்பெல்லாம் எட்டரைக்குச் சூடு பிடித்து நள்ளிரவில் உச்சத்துக்குப் போகும். இப்போது உச்சம் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். 9.30-க்குப் பேஸைக் குறைத்துவிடுகிறேன், 9.45-க்குப் பழைய அம்மன் பாடல்கள், 9.55-க்கு நிறுத்தம். எழுத்தில் ஒப்பந்தமும் போடுகிறேன். விருந்தினர் தாமதமாக வந்தாலும் நேரம் குறித்தபடி ஓடும். அனுமதி நேரம் முடிந்தால் செட் நிற்கும். பணத்தில் குறைப்பு இல்லை. இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அந்த இழப்பு எனக்கு வலித்தது. ஒரு முகூர்த்த மாதத்தில் இரண்டு வேலை என்பது சிறிய தொகை இல்லை.

விழா அன்று ஒன்பதே காலுக்கு மிக்சரை என் உதவியாளரிடம் விட்டுவிட்டு, பைக்கில் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போனேன். தெருவின் முனையில் நின்று கேட்டேன். பாட்டின் மேல்சுரம் காற்றில் வந்து வந்து போனது. அடி மட்டும் மெல்ல இருந்தது. உதவியாளருக்குப் போன் செய்து, "நாற்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, பேஸை இன்னும் மூன்று டெசிபல் குறை" என்றேன். அவன் குறைத்தான். வாசலில் பாய் விரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, "எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்?" என்று கேட்டார். பத்துக்குள் என்றேன். "சரி" என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். நான் 9.55 வரை அங்கேயே நின்றேன்.

அடுத்தது ஆவணியில், விநாயகர் சதுர்த்தி ஊர்வலம். மனு எழுதி முடித்துவிட்டேன். ஊர்வலம் போகும் வழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதன் இரு பக்கமும் சேர்த்து 200 மீட்டருக்கு செட்டை முழுவதும் அணைத்துக்கொண்டு போக விழாக் குழு கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் போட்டுவிட்டார், செயலாளர் திங்கட்கிழமை போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.