மாட்டாத ஹெட்போன்

எங்கள் வீடு சென்னை காசிமேட்டில், கடலுக்கு நாலு தெரு தள்ளி. ஜன்னல் கம்பியையே உப்பு தின்றுவிடும். லேப்டாப்பையும் தின்னும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் போட்ட என் பழைய ஏஎம்டி பிராசஸர் லேப்டாப்பில் சத்தம் நின்றுபோனது. பாட்டு ஓடுகிறது, ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. முதலில், சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பைப்வயர் என்ற மென்பொருளைத்தான் சந்தேகப்பட்டேன். உபுண்டு 22.10 முதல், அதே வேலையைப் பார்த்த பழைய பல்ஸ்ஆடியோ இருந்த இடத்தில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. புது மருமகள் மாதிரி, எது உடைந்தாலும் பழி அதன்மேல். ரீஸ்டார்ட் செய்தேன். பலனில்லை.

டெர்மினலில் ஏப்ளே என்ற கட்டளை இரண்டு சவுண்ட் கார்டு காட்டியது: 0 எச்டிஎம்ஐ (டிவி, மானிட்டருக்குப் போவது), 1 அனலாக் (ஸ்பீக்கர், ஹெட்போனுக்குப் போவது). சத்த அளவுகளைக் காட்டும் ஆல்சாமிக்ஸரைத் திறந்ததும் ஒரே ஒரு பட்டைதான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எஃப்6 அழுத்தி நிஜ கார்டை, அதாவது அனலாக்கைத் தேர்ந்தெடுத்தால்தான் உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாக வரும். ஸ்பீக்கருக்குக் கீழே 'எம்எம்'. மியூட்! எம் தட்டி எடுத்தேன். பாட்டை மறுபடி போட்டதும் திரும்பவும் எம்எம்.

வரிசைக் கடைசியில் ஆட்டோ-மியூட் இருந்தது. ஹெட்போன் மாட்டினால் ஸ்பீக்கரை அடைக்கிற வசதி அது. ஏமிக்ஸர் என்ற கட்டளையில் ஜாக்கின், அதாவது ஹெட்போன் மாட்டும் துளையின், நிலையைக் கேட்டேன். 'ஹெட்போன் ஜாக்: ஆன்' என்றது. துளையோ காலி.

கீழ்வீட்டு மாமா ஒரு காலத்தில் டேப்ரெக்கார்டர் ரிப்பேர் பார்த்தவர்.

"இன்னா தம்பி, ரெண்டு நாளா அதையே நோண்டிக்கினு கீற?"

விஷயத்தைச் சொன்னேன். போன் டார்ச்சை ஜாக்குக்குள் அடித்தார். உள்ளே பச்சை பூத்திருந்தது.

"உப்புக்காத்துப்பா. உள்ள தகடு ஒட்டிக்கிச்சு. ஹெட்போன் கீதுன்னு அது நெனச்சிக்கினு கீது."

லேப்டாப்பை அணைத்து, குச்சியில் சுற்றிய பஞ்சை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தோம். பச்சை வந்தது, தகடு அசையவில்லை. ஜாக்கை மாற்றக் காசு ஆகும் என்பதால், ஆட்டோ-மியூட்டை டிசேபிள் செய்து, சத்தம் எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பாவுகன்ட்ரோல் செயலியில் ஸ்பீக்கரை நானே தேர்ந்தெடுத்தேன். சத்தம் வந்துவிட்டது.

ஹெட்போன் மாட்டும்போதும் இப்போது கையால்தான் மாற்ற வேண்டும். போன வாரம் மறந்துவிட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணி, காதில் ஹெட்போன், சத்தம் கம்மியாக இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போனேன். கீழிருந்து மாமா கம்பால் கூரையைத் தட்டியபோதுதான் தெரிந்தது, பாடிக்கொண்டிருந்தது ஸ்பீக்கர்.