சோல்ஜருக்கு ஒரு அதிகாரித் தொப்பி: செய்வது சுலபம், மாட்டுவதுதான் பெரும்பாடு

டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் வரும் சோல்ஜர் பாத்திரத்துக்கு, வைசர் (நெற்றிக்கு மேல் நீளும் முன்விளிம்பு) வைத்த ராணுவ அதிகாரித் தொப்பி ஒன்று செய்தேன். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வடிவம், யூவி (மாடலின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடம்), டெக்ஸ்சர் (அதன் மேல் ஒட்டும் படம்) எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. கேமுக்குள் ஏற்றியதும்தான் வினை ஆரம்பித்தது.

முதல் தடவை தொப்பி தலையில் இல்லை, காலடியில் கிடந்தது. என் ஃபைலில் எலும்பின் (மாடலை அசைக்கும் உள்கூட்டின் ஒரு துண்டு) பெயர் வெறும் 'ஹெட்'. அது 'பிப்_ஹெட்' என்றே இருக்க வேண்டும். எல்லா வெர்டெக்ஸும் (மாடலின் மூலைப்புள்ளிகள்) அந்த ஒரு எலும்பிலேயே முழு வெயிட்டோடு, அதாவது அது அசைந்தால் முழுதாக அசையும்படி, ஒட்டியிருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் பாத்திரத்தின் எலும்போடு சேராது.

அடுத்த தொல்லை, சோல்ஜரின் சொந்த ஹெல்மெட். அது தனி பாடிகுரூப், அதாவது தனியாக மறைக்கக்கூடிய மாடல் பகுதி. மறைக்காவிட்டால் தொப்பியைத் துளைத்துக்கொண்டு துருத்தும். மறைத்தாலோ, ஹெல்மெட்டின் மேல் அளவெடுத்த தொப்பி மண்டையைத் தொடாமல் மிதக்கும். ஹெல்மெட் இல்லாத வெறும் தலையை வைத்தே அளவெடுங்கள். இரட்டை வேலை மிச்சமாகும்.

வைசரை ஒற்றைத் தாளாக விட்டிருந்தேன். மேலிருந்து பார்த்தால் அம்சமாக இருந்தது, கீழிருந்து பார்த்தால் காணவே காணோம்! கேம் இன்ஜின் மாடலின் ஒவ்வொரு பரப்புக்கும் பின்பக்கத்தை வரையாது. ராக்கெட்டைக் காலடியில் சுட்டு உயரே எகிறுகிற (ராக்கெட் ஜம்ப்) ஆளுக்குத் தொப்பி செய்துவிட்டு அடிப்பக்கத்தை மறந்தால் எப்படி? பிளெண்டரின் சாலிடிஃபை கருவியைப் போட்டுக் கொஞ்சம் தடிமன் கொடுத்ததும் சரியானது.

அதிகம் படுத்தியது பெயிண்ட்தான், அதாவது ஆட்டக்காரர்கள் தொப்பியின் நிறத்தை மாற்றும் வசதி. துணிப் பட்டை மட்டும் நிறம் மாற வேண்டும். பித்தளைச் சின்னம், வைசர் உட்பட மொத்தத் தொப்பியும் இளஞ்சிவப்பாகிவிட்டது. விஎம்டி-யில் (மேற்பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) வரிகள் சரி, எங்கே பெயிண்ட் ஏற வேண்டும் என்று குறிக்கும் மாஸ்க்கும் சரி. குற்றவாளி விடிஎஃப் என்ற டெக்ஸ்சர் ஃபைல்: டிஎக்ஸ்டி1 என்ற சுருக்க முறையில் சேமித்ததால், மாஸ்க்கைத் தாங்கும் ஆல்ஃபா சேனலே போய்விட்டது. ஆல்ஃபா இல்லையென்றால் எல்லாமே வெள்ளை, அதாவது எல்லா இடத்திலும் பெயிண்ட். ஆல்ஃபாவைக் காக்கும் டிஎக்ஸ்டி5-இல் மறுபடி சேமித்தேன், முடிந்தது. வெளிர் நிறம் ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டையும் சிவப்பு, நீல அணிகள் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். பட்டையின் அடிநிறம் ரொம்பக் கருமையாக இருந்தால் வெளிர் பெயிண்ட் அழுக்காகத் தெரியும்.

டெக்ஸ்சரை மிச்சப்படுத்த யூவி-யைப் பாதியாக மிரர் செய்பவர்கள் (ஒரு பாதியின் படத்தையே மறுபாதிக்கும் கண்ணாடிபோல் திருப்பிப் போடுபவர்கள்) சின்னத்தை மட்டும் தனியே விரியுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைத் தலைக் கழுகு இரட்டைத் தலைக் கழுகாகிவிடும்.

எல்ஓடி-க்கு (தூரத்தில் காட்டும் எளிமையான மாடல்) பரப்புகளைத் தானாகக் குறைக்கும் டெசிமேட் கருவியை அப்படியே நம்ப வேண்டாம். என் தொப்பியில் அது முதலில் தின்றது வைசரின் வளைவை. தூரத்தில் தெரிவது உருவரைதான். பட்டன், கயிறு, தையல் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், வைசரில் மட்டும் கை வைக்காதீர்கள்.